போகிக்குக் காத்திராமல் வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரும்பாலான வீடுகள் ஆண்டுக்கு ஒரு முறை, மார்கழியின் கடைசி வாரத்தில்தான் முழுமையாகக் கழுவித் துடைக்கப்படுகின்றன. பரணில் இருப்பவை கீழே இறங்குகின்றன. சுவருக்குச் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்கப்படுகிறது. போகியன்று வாசலில் ஏதோ கொஞ்சம் எரிகிறது. பொங்கல் முடிந்ததும் இறக்கியவற்றில் முக்கால்வாசி மீண்டும் பரணுக்கே போய்ச் சேருகிறது. இதற்குச் சோம்பல் காரணமன்று. அந்த வாரத்தில்தான் களத்தில் கேழ்வரகும் திண்ணையில் அவரையும் குவிந்திருக்கும். வெளியூரில் வேலை செய்கிறவர்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். ஒரு பொருளைக் கையில் எடுத்து, வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்க வீட்டில் யாருக்கும் நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் ஒன்று எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடுவோம், அல்லது வேண்டிய காகிதத்தையும் சேர்த்துத் தீயில் போட்டுவிடுவோம்.

ஆகவே இங்கே சொல்லப்படும் முறை, பண்டிகையை விட்டுவிட்டுப் பருவத்தைப் பிடித்துக்கொள்ளும் முறை. ஒரு பொருளின் பருவம் எப்போது முடிகிறதோ, அப்போதே அதைப் பற்றிய முடிவை எடுத்துவிட வேண்டும். கம்பளிக்கு மாசி, பள்ளிப் புத்தகத்திற்குச் சித்திரை, கருவிகளுக்கு ஆயுத பூஜை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பருவம் முடியும் வேளையில்தான், அந்தப் பொருளை இந்த ஆண்டு எடுத்தோமா, தொடாமலே கிடந்ததா என்பது நினைவில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எல்லாப் பொருளும் 'என்றைக்காவது உதவும்' என்ற வரிசையில் நின்றுவிடும்.

தொடங்குவதற்கு வேண்டியவை இரண்டு சாக்குகள் மட்டுமே. புறக்கடைக் கதவருகே அவற்றை மாட்டிவைத்து, ஒன்றில் பிறருக்குக் கொடுக்க வேண்டியவற்றையும் மற்றொன்றில் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியவற்றையும் சேர்த்து வர வேண்டும். 'பிறகு பார்க்கலாம்' என்பதற்கு மூன்றாவது சாக்கு வைக்கக் கூடாது. சாக்கு நிரம்பிய வாரத்திலேயே அது வீட்டை விட்டு வெளியேற வேண்டும். வாயைக் கட்டிப் பரணில் ஏற்றப்பட்ட சாக்குகள் நம் வீடுகளில் ஏற்கெனவே ஏராளம்.

மாசி, பங்குனி: கம்பளி, புளி, தானியம்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் மார்கழிக் குளிருக்கு எடுத்த கம்பளியும் ஸ்வெட்டரும் மாசியில் நாற்காலி முதுகிலும் கொடியிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றைத் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அளவு சிறுத்துவிட்ட ஸ்வெட்டரை அடுத்த குளிருக்கு வைப்பதில் பொருளில்லை. அது சிறிய பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இப்போதே போகட்டும்.

இந்த இரு மாதங்களில்தான் புதுப் புளியும் வந்து சேரும். மரம் வைத்திருப்பவர்கள் உலுக்கி, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து ஆண்டுத் தேவைக்கு வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சந்தையில் மொத்தமாக வாங்குவார்கள். புதுப் புளியை உள்ளே வைப்பதற்கு முன், பழைய புளிப் பானையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. பாதிப் பானை மிஞ்சியிருந்தால் இந்த ஆண்டு பாதி வாங்கினால் போதும். அம்மா வாங்கிய அளவையே, வீட்டில் பத்துப் பேர் இருந்த காலத்து அளவையே, நான்கு பேர் மட்டும் இருக்கும் வீட்டிலும் வாங்கிக்கொண்டிருப்பது பலரிடம் உள்ள பழக்கம். கொட்டை எடுத்த புளியை வெயிலில் காயவைத்து, கல்லுப்புச் சேர்த்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடைக்க வேண்டும். புளியின் அமிலம் அலுமினியத்தையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் அந்தப் பாத்திரங்கள் கூடாது. பழைய புளியை முன்னுக்கும் புதிய புளியைப் பின்னுக்கும் வைப்பதும், பானையின் மேல் ஆண்டைச் சாக்பீசால் எழுதி வைப்பதும் அவசியம். புளி நாள்பட நாள்படக் கறுக்கும் என்றாலும், மூடியிருக்கும் பானையைப் பார்த்து எது எந்த ஆண்டினது என்று சொல்ல முடியாது.

தானியங்களில் கேழ்வரகு நமக்குத் தொல்லை தருவதில்லை. மணி மிகச் சிறியதாக இருப்பதால் வண்டு எளிதில் அதில் இறங்காது. நன்றாகக் காய்ந்திருந்தால் பல ஆண்டுகள் கெடாது. ஆனால் மாவாக அரைத்துவிட்டால் அந்த ஆயுள் போய்விடும். மாவு தானியத்தைப் போல நீண்ட நாள் தாங்காது. எனவே தானியமாக மூட்டையில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஆகும் அளவே அரைப்பது இடத்தையும் மிச்சப்படுத்தும், களியின் சுவையையும் காக்கும். சாமையும் அப்படியே, உமியோடு இருக்கும் வரை கெடாது, குத்தி அரிசியாக்கிய பிறகு அதை நீண்ட நாள் வைக்கக் கூடாது.

தொல்லையெல்லாம் அவரை, துவரை, காராமணி எனப்படும் தட்டைப்பயறு ஆகியவற்றில்தான். பயறு வண்டு காட்டிலேயே காயின்மீது முட்டையிட்டுவிடுவதால், சுத்தமாகத் தெரியும் பயறும் சில வாரங்களில் துளை விழுந்து மாவு உதிர்க்கத் தொடங்கும். பங்குனி வெயிலில் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் காயவைத்து, முற்றிலும் ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, காயவைத்த பலனே போய்விடும். வேப்பிலைச் சருகையோ வசம்புத் துண்டையோ உடன் போடுவது வழக்கம். அது துணையாக உதவுமே தவிர, காயாத பயற்றைக் காப்பாற்றாது. விதைக்கு வைக்கும் துவரைக்குச் செம்மண் பூசிக் காயவைக்கும் பழைய முறை இன்றும் பல கிராமங்களில் இருக்கிறது. வண்டு விழுந்த பயற்றைப் புடைத்து மீண்டும் அதே டப்பாவில் போடுவதுதான் எல்லோரும் செய்யும் காரியம்; டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைக்காமல் அப்படிச் செய்வதால் பயன் இல்லை.

டப்பாக்கள் பக்கம் வந்துவிட்டதால் அவற்றையும் முடித்துவிடலாம். வீட்டிலுள்ள எல்லா டப்பாக்களையும், எல்லா மூடிகளையும் ஒரே நாளில் கூடத்தில் கொட்டி, ஒவ்வொரு மூடிக்கும் உரிய டப்பாவைச் சேர்க்க வேண்டும். இணை கிடைக்காதவை இரும்புக் கடைச் சாக்குக்குப் போக வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய் பாட்டில் என்று சேர்ந்துகொண்டே போகும் கூட்டத்துக்கு ஓர் அலமாரித் தட்டு என்று எல்லை வகுத்துவிட்டு, அந்தத் தட்டில் கொள்ளாததை வைத்திருக்கக் கூடாது.

மார்ச் இறுதி: காகிதங்கள்

வீட்டில் மிகக் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு மிக அதிகக் கவலையைத் தருவது காகிதம். நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதியோடு முடிவதாலும், ஜூன் மாதம் பள்ளி கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தேவைப்படுவதாலும், ஜூலை 31ஆம் தேதி பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளாக இருந்துவருவதாலும், பங்குனி நடுவில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குவது பொருத்தம்.

காகிதங்களை மூன்றாகப் பிரிக்கலாம். திரும்பப் பெற முடியாதவை, அல்லது பெறுவதற்கு அலைய வேண்டியவை முதல் வகை: மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், உயில், மதிப்பெண் சான்றிதழ்கள், பிறப்பு இறப்புச் சான்றுகள். மீண்டும் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டாம் வகை: பட்டா, சிட்டா நகல், வில்லங்கச் சான்று, ஆதார் நகல் போன்றவை. இவற்றை இணையத்திலோ இ-சேவை மையத்திலோ வேண்டும்போது பெறலாம் என்பதால், பத்து ஆண்டுகளாகச் சேர்ந்த நகல்களில் கடைசி நகலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்துவிடலாம். மூன்றாவது வகை, காலம் முடிந்தவை: உத்தரவாதம் தீர்ந்த பொருள்களின் அட்டைகள், பழைய மின்கட்டண ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள். வீட்டு வரி ரசீதுகளை இதில் சேர்க்காமல் ஆண்டுவாரியாக அடுக்கி வைப்பது நல்லது.

இப்பகுதிக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1965 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஆகவே ஒரே நிலத்தின் பத்திரங்களில் தாத்தா காலத்தில் சேலம் மாவட்டம் என்றும், அப்பா காலத்தில் தருமபுரி மாவட்டம் என்றும், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம் என்றும் இருப்பது இயல்பே. இதற்கிடையில் வட்டங்களும் பிரிந்திருக்கின்றன, யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பட்டா எண்களும் மாறியிருக்கின்றன. 'இது எந்த ஊர்ப் பத்திரமோ' என்று நினைத்துப் பழைய தாளைத் தூக்கிப் போடுகிறவர்கள், நிலம் கைமாறி வந்த சங்கிலித் தொடரில் ஒரு கண்ணியை அறுத்துவிடுகிறார்கள். எழுத்துப் புரியாவிட்டாலும், நில அளவை எண்ணும் கிராமப் பெயரும் இருக்கும் எந்தத் தாளையும் ஆவண எழுத்தரிடம் காட்டாமல் கழிக்கக் கூடாது.

மூல ஆவணங்களை லேமினேட் செய்யாமல் இருப்பதே நல்லது. உள்ளே காகிதம் ஒட்டிக்கொண்டு சிதைந்தால் பிரிக்க வழியில்லை. பருத்தித் துணிப் பையில் வைத்து, இரும்புப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தரையில் படாமல் பலகை மேல் வைக்க வேண்டும். செம்மண் தரையில் கரையானுக்குப் பஞ்சமே இல்லை. கடைகளில் தரும் பளபளப்பான ரசீதுகளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுவதால், உத்தரவாதத்துக்கு வேண்டியவற்றை அன்றே நகல் எடுத்துவிட வேண்டும்.

சித்திரை, வைகாசி

தேர்வு முடிந்த வாரத்திலேயே புத்தகப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் கோடை விடுமுறைக்கு ஆகும். வழிகாட்டி நூல்களையும் நுழைவுத்தேர்வுப் புத்தகங்களையும் ஜூன் மாதத்துக்கு முன் கொடுத்தால்தான் வாங்குகிறவருக்குப் பயன். பாடத்திட்டம் மாறிவிட்டால் அவை எடைக்குத்தான் போகும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்காக வாங்கும் டிரம்களும் குடங்களும் இந்த மாதங்களில்தான் பெருகும். எத்தனை டிரம்களை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவ முடியுமோ அத்தனை டிரம்கள் போதும். இதன் காரணம் மழைக்காலம் வரும்போது விளங்கும்.

ஆடி: புறக்கடையும் துணிக்கடையும்

ஆடியில் கல்யாணம் காட்சி இல்லை, அலைச்சல் குறைவு. ஆவணி, புரட்டாசியில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் ஓடு மாற்றுவதையும் புறக்கடையைச் சீர்செய்வதையும் இந்த மாதத்திலேயே முடிக்க வேண்டும். பாறையும் கரடும் சூழ்ந்த இந்த நிலத்தில், சுவரோரம் குவிந்திருக்கும் விறகு, உடைந்த ஓடு, செங்கல், தென்னை மட்டை ஆகியவை எலிக்கும் தேளுக்கும் பாம்புக்கும் குடியிருப்பாகின்றன. குவியலை வெறுங்கையால் பிரிக்காமல், காலில் செருப்போடு, நீண்ட கழியாலோ மண்வெட்டியாலோ பகல் வெளிச்சத்தில் பிரிக்க வேண்டும். மீண்டும் அடுக்கும்போது விறகைக் கற்கள் மேல் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் அடுத்த முறை பார்ப்பது எளிது. பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது; நச்சு முறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

ஆடித் தள்ளுபடி இன்னொரு விதமான குவியலைத் தருகிறது. ஒழுங்குபடுத்துவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெளியே போவதையே பேசுகிறார்கள். உள்ளே வருவதைத் தடுத்தால் பாதி வேலை குறையும் என்பது என் கருத்து. கடைக்குப் புறப்படுவதற்கு முன் பீரோவைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் உண்மையில் என்ன குறைகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்வது போதும். புதிதாக வரும் ஒவ்வொரு புடவைக்கும் சட்டைக்கும் ஈடாக ஒன்று கொடுக்கும் சாக்குக்குப் போகட்டும். கிழிந்தவற்றைக் கொடுக்கக் கூடாது. துடைக்கும் துணிக்கு நான்கைந்து வைத்துக்கொண்டு, மீதியைத் தெருவில் வரும் பழந்துணிக்காரரிடம் போடலாம். அவர் தரும் பிளாஸ்டிக் பக்கெட்டை வேண்டாம் என்று சொல்லும் மனவுறுதி இருந்தால் இன்னும் நல்லது.

புரட்டாசி: கருவிகள்

ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். எத்தனை அரிவாள், எத்தனை சுத்தியல், எத்தனை மிக்சி இருக்கின்றன என்பது ஆண்டில் அந்த ஒரு நாளில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பூஜைக்கு முந்தைய வாரத்தில் பழுதுபார்க்க வேண்டியதைப் பழுதுபார்த்து, தேறாததைக் கழித்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகளாக ஓடாத மிக்சிக்கும் சந்தனம் வைத்து, பூஜை முடிந்ததும் பரணில் ஏற்றிவிடுவது சரஸ்வதிக்குச் செய்யும் மரியாதையாக எனக்குத் தோன்றவில்லை.

பரணில் இருக்கும் மின்பொருள்களில் முக்கியமானது, 2006ஆம் ஆண்டு தொடங்கி அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சி. பல வீடுகளில் அது ஓடாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் குழாய்க் கண்ணாடியில் காரீயம் கலந்திருப்பதால் உடைப்பதும் குப்பையில் எறிவதும் தீங்கு. 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, பழைய செல்பேசி, சார்ஜர், பேட்டரி எல்லாம் மின்னணுக் கழிவிலேயே சேரும். நகராட்சி, பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்களிடம் மக்கும் குப்பையோடு கலக்காமல் தனியாக ஒப்படைக்கலாம். அல்லது அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் கடைகளில் கொடுக்கலாம். செம்புக் கம்பிக்காக ஒயரை எரிப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. அந்தப் புகை நஞ்சு.

பழைய இரும்புக் கடைக்குப் போகும்போது செம்பு, பித்தளை, அலுமினியம், இரும்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். கலந்து கொண்டுபோனால் மலிவான உலோகத்தின் விலையே கிடைக்கும். பெயர் வெட்டிய பித்தளை அண்டாவையும் வெண்கலப் பானையையும் மட்டும், அந்தப் பெயருக்கு உரியவரின் பிள்ளைகளைக் கேட்காமல் விற்கக் கூடாது. சீர்வரிசையாக வந்து பரணை நிறைத்திருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அந்தப் பாசம் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது விருந்துக்கு இறங்குகிறவை இருக்கட்டும். மற்றவை கோயில் அன்னதானக் கூடத்துக்கோ புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களுக்கோ பயன்படும்.

ஐப்பசி, கார்த்திகை

மழை பெய்யும்போது எதையும் கழுவிக் காயவைக்க முடியாது என்பதால், இது பார்வையிடும் காலம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீர் தேங்கும் இடங்களில்தான் முட்டையிடுகிறது. முட்டை ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், டிரம்மின் உட்புறத்தை நாரால் தேய்த்தே கழுவ வேண்டும். டயர், தேங்காய்த் தொட்டி, உடைந்த தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பட்டுப் புடவைகளை ஈரக் காற்றில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தால் வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்ற வேண்டும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இற்றுவிடும். பூச்சி உருண்டை சரிகையில் நேரடியாகப் படக் கூடாது. மருந்துப் பெட்டியையும் இப்போதே பார்த்து, காலாவதியான மாத்திரைகளைத் தனியாகப் பொட்டலம் கட்டிக் குப்பை சேகரிப்பவரிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மார்கழி, தை

மேலே சொன்னவை நடந்திருந்தால் மார்கழியில் ஒட்டடை அடிப்பதையும் வெள்ளையடிப்பதையும் தவிரப் பெரிய வேலை இருக்காது. ஒன்றே ஒன்று மிஞ்சும். பெங்களூரு, திருப்பூர், சென்னை என்று வேலைக்குப் போன பிள்ளைகள், வாடகை வீடு மாறும்போதெல்லாம் கொண்டுவந்து போட்ட மூட்டைகள் அவை. கல்லூரிக் காலத்துப் பெட்டி, பிரிக்காத பரிசுப் பொருள்கள், அரசு கொடுத்த சைக்கிள், பிள்ளைக்கு வாங்கிய தொட்டில் ஆகிய எவற்றைப் பற்றியும் பெற்றோர் தாமாக முடிவெடுக்க முடியாது. எடுத்தால் மனத்தாங்கல் வரும். ஆண்டு முழுவதும் அப்படிப்பட்டவற்றின் மேல் உரியவரின் பெயரையும், வந்த மாதத்தையும் எழுதிய சீட்டு ஒட்டி ஓர் அறையின் மூலையில் சேர்த்து வைத்து, எல்லோரும் வீட்டிலிருக்கும் பொங்கல் விடுமுறையில் அவரவர் கையாலேயே பிரிக்கச் செய்ய வேண்டும்.

போகியன்று எரிப்பதற்கு இரண்டு கிழிந்த கோரைப் பாயும், தேய்ந்த துடைப்பமும், வைக்கோலும் போதும். அந்தக் காலத்து வீட்டில் கழிக்க இருந்தவை எல்லாம் மண்ணிலிருந்து வந்த இத்தகைய பொருள்களே; இன்று கழியும் ரெக்சின் பை, பாலியஸ்டர் துணி, டயர், பிளாஸ்டிக் ஆகியவற்றை எரித்தால் பனிமூட்டம் படர்ந்திருக்கும் அந்த விடியற்காலையில் புகை மேலே எழாமல் தெருவிலேயே நிற்கும். முதியவரும் ஆஸ்துமாக்காரரும் உள்ள வீடுகளுக்கு அது பெரும் துன்பம்.

பிரித்த மூட்டைகளில் 'எனக்கு வேண்டும்' என்று சொல்லப்பட்டவற்றை மீண்டும் மூலைக்கு அனுப்பாமல், காணும் பொங்கல் முடிந்து ஊருக்குத் திரும்பும் வண்டியிலேயே ஏற்றிவிட வேண்டும். பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரு பையாவது கையில் கொடுத்து, மீதிக்குச் சித்திரை வரை தவணை சொல்லலாம். அந்தத் தேதியையும் சீட்டிலேயே எழுதிவிடுவது பின்னால் வரும் பேச்சைக் குறைக்கும்.